சட்ட மாணவர்களுக்கு: தொழில்நுட்பமா, குடும்பமா? விருப்பப் பாடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் குடும்ப நல நீதிமன்றத்திலும் உரிமையியல் நீதிமன்றங்களிலும் வழக்கு நடத்துகிறேன். பயிற்சிக்கு என் அலுவலகத்துக்கு வரும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் செமஸ்டர் தொடங்கும்போது ஒரே விதமான சந்தேகங்களோடு வருவார்கள். ஒருவருக்குச் சொன்னதையே அடுத்தவருக்கும் சொல்வேன். போன வருடம் முதல் அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே குறித்து வைத்தேன். பதிலோடு சேர்த்து இங்கே தருகிறேன். தமிழ்நாட்டில் மூன்றாண்டு, ஐந்தாண்டு சட்டப் படிப்பு படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

1. விருப்பப் பாடம்னா நமக்குப் பிடிச்சதை எடுத்துக்கலாம், அவ்வளவுதானே மேடம்?

பாதிதான் சரி. இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள்தான் எல்லாக் கல்லூரிகளுக்கும் அடித்தளம். அதன்படி 20 கட்டாயப் பாடங்கள், நான்கு செய்முறைப் பாடங்கள், அதற்கு மேல் குறைந்தது ஆறு விருப்பப் பாடங்கள் படிக்க வேண்டும். ஆனர்ஸ் என்றால் இன்னும் எட்டு. அரசமைப்பு, வணிகம், குற்றவியல், பன்னாட்டுச் சட்டம், வேளாண்மை, அறிவுசார் சொத்து என்று விருப்பப் பாடங்கள் குழு குழுவாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. வாசித்துப் பார்த்தால் ஆசையாக இருக்கும். சிறை நிர்வாகம், தண்ணீர்ச் சட்டம், தடய அறிவியல், ஊடகச் சட்டம் எல்லாம் அதில் உண்டு.

ஆனால் அத்தனையையும் எந்தக் கல்லூரியும் நடத்துவதில்லை. சில பாடங்களை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு என்று அதே விதி சொல்கிறது. அதனால் பல இடங்களில் இரண்டு மூன்று பாடங்களுக்கு நடுவில்தான் தேர்வு இருக்கும். முதல் வேலையாக, நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குப் பொருந்தும் பாடத்திட்ட நகலை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். முந்தைய பேட்ச் அண்ணன் அனுப்பிய பிடிஎஃப்பை நம்பி இருக்காதீர்கள்.

2. குடும்பச் சட்டத்தை விருப்பப் பாடமா எடுக்கலாம்னு இருக்கேன். கிடைக்குமா?

குடும்பச் சட்டம் கட்டாயப் பாடம். அதுவும் ஒன்றல்ல, இரண்டு தாள். நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது வரும். பெரும்பாலும் முதல் தாளில் திருமணம், விவாகரத்து, ஜீவனாம்சம், தத்து, காப்பாளர் ஆகியவையும், இரண்டாவதில் வாரிசுரிமை, உயில், பாகப்பிரிவினை போன்றவையும் இருக்கும். பிரிக்கும் முறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறலாம்.

விருப்பப் பாடமாகக் கிடைப்பவை அதன் அக்கம்பக்கத்துப் பாடங்கள். பாலின நீதி, பெண்களும் குற்றவியல் சட்டமும், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள், மனித உரிமைகள், சுகாதாரச் சட்டம் ஆகியவை. சுகாதாரச் சட்டம் எப்படிக் குடும்பத்தோடு சேரும் என்று ஒரு மாணவர் கேட்டார். வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டமும் செயற்கைக் கருவூட்டல் சட்டமும் 2021-ல் வந்தன. ஒரு குழந்தைக்குச் சட்டப்படி யார் அம்மா, யார் அப்பா என்ற கேள்வி இப்போது அங்கேயும் எழுகிறது.

3. டெக்னாலஜி லா படிக்கணும். ஆனா லிஸ்ட்ல அப்படி ஒரு பேரே இல்லையே?

அந்தப் பெயரிலேயே தேடினால் கிடைக்காமல் போகலாம். சைபர் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம், தகவல் தொழில்நுட்பக் குற்றங்கள் என்று ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பெயரில் இருக்கும். காப்புரிமை, பதிப்புரிமை, தொழில்நுட்பப் பரிமாற்றம் ஆகியவை அறிவுசார் சொத்துக் குழுவில் இருக்கும். ஊடகச் சட்டத்திலும் இணையம் பற்றி ஒரு அலகு இருக்கும்.

பெயரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் அலகுகளைப் பாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, மின்னணுச் சாட்சியம், அந்தரங்க உரிமை பற்றி 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தந்த புட்டசாமி தீர்ப்பு, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகிய நான்கும் இருந்தால் அது இன்றைய பாடம். கடைசியில் சொன்ன சட்டத்துக்கு விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன. அந்தச் சட்டத்தின் பெயர்கூட இல்லாத பாடத்திட்டம் என்றால், ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். வகுப்பில் நடத்தத் தயாராக இருக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

4. எனக்கு கம்ப்யூட்டர் சுத்தமா வராது. சைபர் சட்டம் எடுத்தா மாட்டிக்குவேனா?

மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். புரோகிராம் எழுத யாரும் சொல்லப் போவதில்லை. ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று கட்சிக்காரருக்கும் நீதிபதிக்கும் விளக்கத் தெரிந்தால் போதும்.

உதாரணமாக ஹாஷ் மதிப்பு. மின்னணு ஆவணத்தோடு புதிய சாட்சியச் சட்டத்தின் கீழ் தரும் சான்றிதழில் அதைக் குறிப்பிட வேண்டும். ஒரு கோப்பை ஒரு கணக்கு முறைக்குள் செலுத்தினால் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம் வெளியே வரும். எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் அது 64 எழுத்து நீளம். கோப்பில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியை நீக்கிவிட்டு மறுபடி செலுத்தினால் முற்றிலும் வேறு சரம் வரும். அதனால் கொடுத்த நாளில் இருந்த சரமும் விசாரணை நாளில் வரும் சரமும் ஒன்றாக இருந்தால் கோப்பில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள். பத்திரத்தில் கைரேகை வைப்பது போல என்று சொன்னால் கிராமத்துக் கட்சிக்காரருக்கும் புரியும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தமிழ் இலக்கியப் பட்டதாரி இதை ஒரே மதியத்தில் பிடித்துக்கொண்டார். அவருடன் வந்த பொறியியல் பட்டதாரிக்கு ஹாஷ் தெரியும், ஆனால் அந்தச் சான்றிதழில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரியவில்லை. சட்ட மாணவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

5. அந்தக் கையெழுத்து யார் போடணும்? 65பி சான்றிதழ்தானே அது?

பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் அது 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. அதில் 63-வது பிரிவு. சான்றிதழின் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. முதல் பகுதியைச் சாதனத்தைக் கையாண்டவரும், இரண்டாம் பகுதியை நிபுணர் ஒருவரும் நிரப்ப வேண்டும். பழைய சட்டத்தில் இந்த இரண்டாம் பகுதி கிடையாது.

சான்றிதழ் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அவசியம் படியுங்கள். 2014-ல் வந்த அன்வர் வழக்கு, 2020-ல் வந்த அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கு. இரண்டுமே தேர்தல் வழக்குகள். ஆனால் இன்று அவை அதிகம் மேற்கோள் காட்டப்படும் இடங்களில் குடும்ப நல நீதிமன்றமும் ஒன்று.

6. சீனியர்கிட்ட நோட்ஸ் இருக்கற பாடத்தை எடுத்தா ஈஸியா பாஸ் ஆயிடலாம்ல?

சொத்துரிமை மாற்றுச் சட்டத்துக்கு ஐந்து வருட நோட்ஸ் ஓரளவு உதவும். தொழில்நுட்பப் பாடத்துக்கு அது கெடுதல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. அது இன்னும் உயிரோடு இருப்பது போல எழுதிய நோட்ஸை நானே பார்த்திருக்கிறேன். 5-வது பதிலில் சொன்ன பிரிவு எண் மாற்றமும் அப்படித்தான். குடும்பச் சட்டத்திலும் ஜீவனாம்சத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு என்று எழுதினால் தவறு. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144.

நோட்ஸ் வாங்குங்கள், தப்பில்லை. பக்கத்தில் இந்த வருடத்துப் பேர் ஆக்ட்டை, அதாவது சட்டத்தின் மூல வாசகப் பதிப்பை, வைத்துக்கொண்டு பிரிவுக்குப் பிரிவு சரிபார்த்துப் படியுங்கள். சரிபார்க்கும்போதே பாதிப் பாடம் மனதில் நின்றுவிடும்.

7. குடும்பச் சட்டம் கதை மாதிரி இருக்கும், கஷ்டமே இல்லைன்னு சொல்றாங்களே?

படிக்கக் கதை மாதிரிதான் இருக்கும். எழுதும்போதும் வழக்காடும்போதும்தான் கஷ்டம் தெரியும். முதல் காரணம், எல்லாருக்கும் ஒரே சட்டம் இல்லை. இந்துத் திருமணச் சட்டம் 1955, கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், முஸ்லிம் பெண்கள் விவாகரத்துக் கோர 1939-ம் ஆண்டுச் சட்டம், இவர்களுக்கு அப்பால் 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். கட்சிக்காரர் உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்தது என்பது. அதற்கு விடை தெரியாமல் மனு எழுத முடியாது.

இரண்டாவது, நம் மாநிலத்துக்கென்று தனித் திருத்தங்கள் உண்டு. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும், இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு 1967-ம் ஆண்டுத் தமிழ்நாடு திருத்தச் சட்டத்தால் வந்தது. வெளிமாநிலப் பதிப்பகங்களின் கைடுகளில் அது ஒரு வரிதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. மாலை மாற்றி, ஐயர் இல்லாமல், சப்தபதி இல்லாமல் நடந்த கல்யாணம் செல்லுமா என்ற கேள்வி நம் ஊர் நீதிமன்றத்தில் இன்றும் வருகிறது.

மூன்றாவது, தேதிகள். மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டா என்ற ஒரே கேள்விக்கு மூன்று தேதிகளைத் தாண்டித்தான் பதில் சொல்ல முடியும். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகளுக்குக் கூட்டுப் பங்குரிமை தந்தது. ஆனால் அந்த நாளுக்கு முன்பே கல்யாணம் ஆன மகளுக்கு இல்லை. பிறகு 2005 செப்டம்பர் 9-ல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்து, கல்யாணம் ஆனவர் ஆகாதவர் என்ற பேதத்தை எடுத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் அது தொடவில்லை. அந்தத் திருத்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020-ல் வினீதா சர்மா வழக்கு தீர்த்தது. வேண்டியதில்லை. 1985-ல் கல்யாணம் ஆகிப் போன ஒரு அத்தை இன்று வந்து பங்கு கேட்டால், இத்தனையும் வரிசையாக மனதில் ஓட வேண்டும். கதை என்று சொன்னவர்களிடம் இந்த அத்தையின் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

8. டெக்னாலஜி பாடமும் குடும்பப் பாடமும் சம்பந்தமே இல்லாதது. ரெண்டையும் படிச்சா ஃபோகஸ் போயிடாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். என் மேசைக்கு வரும் குடும்ப வழக்குகளில் போன் இல்லாத வழக்கு அரிது. வாட்ஸ்அப் சண்டை, கூகுள் பே கணக்கு, இன்ஸ்டாகிராம் படம், குழந்தையோடு வீடியோ கால். குடும்பச் சட்டம் மட்டும் தெரிந்தவர் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கிறார். சைபர் சட்டம் மட்டும் தெரிந்தவருக்குக் குடும்ப நல நீதிமன்றத்தின் நடைமுறை புரிவதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரு பெண் வந்தார். ஜெராக்ஸ் கடையில் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்த இருநூற்றுச் சொச்சம் பக்கம். எல்லாம் கணவர் அனுப்பிய செய்திகளின் ஸ்கிரீன்ஷாட். மிரட்டல், வசவு, நகை எங்கே என்ற கேள்வி. சில பக்கங்களில் மேலே தேதியே இல்லை. பேட்டரி எட்டு சதவீதம் என்று ஓரத்தில் தெரிந்தது, தேதி தெரியவில்லை. "அந்தப் போன் எங்கேம்மா?" என்றேன். "எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல குடுத்துட்டேன் மேடம், அதான் பிரிண்ட் எடுத்து வெச்சேனே" என்றார். அவரை எப்படிக் குறை சொல்வது? மூன்று மாதம் முன்பு அவர் போன முதல் ஆலோசனையில் யாராவது "போனை மாற்றாதீர்கள், அரட்டையை ஏற்றுமதி செய்து வையுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அப்புறம், குடும்ப நல நீதிமன்றத்துக்கு ஒரு தனிச் சலுகையும் உண்டு. 1984-ம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 14-வது பிரிவு, தகராறைத் தீர்க்க உதவும் எந்த ஆவணத்தையும், சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதா என்று பார்க்காமலே பெற்றுக்கொள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பெண்ணின் பக்கங்களை அந்த வழியாகத்தான் முன்வைத்தோம். ஆனால் பெற்றுக்கொள்வது வேறு, நம்புவது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் 5-வது பதிலில் சொன்ன சான்றிதழ் உதவுகிறது.

9. மனைவிக்கோ கணவருக்கோ தெரியாம எடுத்த கால் ரெக்கார்டிங்கை கோர்ட்ல கொடுக்கலாமா? ஒரு சார் கூடாதுங்கறார், ஒருத்தர் கூடும்ங்கறார்.

இருவருமே ஏதோ ஒரு தீர்ப்பை வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்த கணவரின் ஆவணங்களை ஏற்க மறுத்தது. அந்தரங்க உரிமை தம்பதிக்குள்ளும் உண்டு, அதை மீறிப் பெற்ற சாட்சியம் செல்லாது என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், மனைவியோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்ததை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. தம்பதிக்குள் பேசியதை வெளியிடக் கூடாது என்ற பழைய சாட்சியச் சட்டத்தின் 122-வது பிரிவிலேயே, அவர்களுக்குள் நடக்கும் வழக்குக்கு விலக்கு இருப்பதை அது சுட்டிக்காட்டியது.

இன்று உச்ச நீதிமன்றம் சொன்னதே வழி. ஆனாலும் இரண்டையும் படியுங்கள். ஒன்று, கணவர் தானே கலந்துகொண்ட உரையாடலின் பதிவு. இன்னொன்று, அடுத்தவர் போனிலிருந்து எடுத்த விவரம். இந்த வேறுபாட்டை வைத்து நாளைக்கு ஒரு வழக்கில் வாதாட முடியும். எனக்குத் தனிப்பட்ட முறையில் மதுரைக் கிளையின் கவலை நியாயமாகப் படுகிறது. வேவு பார்க்கப்பட்ட மனைவிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மூட் கோர்ட்டுக்கு, அதாவது மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றத்துக்கு, இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

10. அப்போ உயிலைக்கூட வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா செல்லுமா?

செல்லாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணையில், மின்னணு வடிவத்தில் செய்ய முடியாதவற்றின் பட்டியல் இருக்கிறது. 2022-ல் அந்தப் பட்டியலைச் சுருக்கினார்கள், ஆனால் உயில் அதில் அப்படியே நிற்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவும் உயில் எழுதியவரின் கையெழுத்தையும் இரண்டு சாட்சிகளின் மேலொப்பத்தையும் கேட்கிறது. அப்பா மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அனுப்பிய குரல் செய்தி, பிள்ளைகளுக்குப் பொக்கிஷமாக இருக்கலாம். உயில் ஆகாது.

63 என்ற எண் இந்தச் சட்டத்திலும் 5-வது பதிலில் சொன்ன புதிய சாட்சியச் சட்டத்திலும் வருவதைக் கவனியுங்கள். தேர்வில் குழப்பிக்கொண்டவர்கள் உண்டு.

11. அகில இந்திய பார் தேர்வுக்கு எது உதவும்?

வழக்கறிஞராகத் தொழில் செய்யத் தேற வேண்டிய அந்தத் தேர்வின் 100 கேள்விகளில் பாடத்திட்டப்படி குடும்பச் சட்டத்துக்கு 8, சைபர் சட்டத்துக்கு 2, அறிவுசார் சொத்துக்கு 2. சாட்சியத்துக்கு 8. அதை மட்டும் வைத்து விருப்பப் பாடம் தேர்ந்தெடுப்பது வீண். கட்டாயப் பாடங்களை ஒழுங்காகப் படித்தவர் அதில் தேறிவிடுவார்.

12. சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதப் போறேன். விருப்பப் பாடத்துக்கு மார்க் இருக்கா?

தனியாக இல்லை. அங்கே உரிமையியல், குற்றவியல் சட்டங்களும் நடைமுறைகளும்தான் முதுகெலும்பு, கூடவே மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று. ஆனால் நீதிபதி ஆன பிறகு உங்கள் முன் வந்து நிற்கப் போவது 8-வது பதிலில் சொன்ன அந்த ஸ்பைரல் பைண்டிங்தான். அதனால் மின்னணுச் சாட்சியம் உள்ள பாடம் கிடைத்தால் எடுங்கள்.

13. ஐடி கம்பெனியில லீகல் வேலை வேணும். சைபர் சட்டம் போதுமா?

போதாது. அங்கே நாள் முழுக்கச் செய்யும் வேலை ஒப்பந்தம் வாசிப்பது. ஒப்பந்தச் சட்டத்தின் இரண்டு தாள்களும் கட்டாயப் பாடமாகவே உங்களிடம் இருக்கின்றன. அதை அசட்டை செய்துவிட்டு சைபர் என்று ஓடாதீர்கள். விருப்பப் பாடத்தில் அறிவுசார் சொத்து, தரவுப் பாதுகாப்பு இரண்டும் கிடைத்தால் நல்லது. சைபர் குற்றம் வேறு துறை, அது காவல் நிலையத்தோடும் நீதிமன்றத்தோடும் சேர்ந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தை இன்ஸ்பெக்டருக்குக் கீழ் உள்ள அதிகாரி விசாரிக்க முடியாது என்பது போன்ற விவரங்கள் அங்கேதான் பயன்படும்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கணக்கிலிருந்து பணம் போனால் எஃப்ஐஆர் மட்டும்தான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் விசாரிக்கலாம். 2010-ல் தமிழ்நாட்டுச் செயலாளரே ஒரு வங்கி வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் தரச் சொல்லி உத்தரவிட்டார். இந்த வழி தெரிந்த வழக்கறிஞர்கள் நம் மாவட்டங்களில் குறைவு. இளம் வழக்கறிஞருக்கு இடம் இருக்கிறது.

14. நான் பெண்ங்கறதால வீட்டுலயும் கிளாஸ்லயும் குடும்பக் கேஸ் பக்கம் போன்னு சொல்றாங்க. போகணுமா?

உங்களுக்குப் பிடித்தால் போங்கள். பெண் என்பதற்காகப் போகாதீர்கள். எனக்கும் ஜூனியராக இருந்தபோது அதையே சொன்னார்கள். நான் இந்தத் துறையில் நிற்பதற்குக் காரணம், ஒரு குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவாகும் அறையில் இருப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். சொன்னவர்கள் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. "நைட் லேட் ஆகாது, ரிஸ்க் இல்லை" என்றார்கள். அது உண்மையும் இல்லை. சொத்தும் பிள்ளையும் சேர்ந்த வழக்கில் வரும் மிரட்டல் எந்தக் குற்ற வழக்குக்கும் குறைந்ததல்ல.

அதே அறிவுரை பையன்களுக்கு மறுபக்கமாகக் கிடைக்கிறது. குடும்பப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும் பையனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பொறுமையாகக் கேட்கத் தெரிந்த யாருக்கும் இந்தத் துறையில் வேலை உண்டு. 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய சமரச மையம், பிறகு 2023-ல் வந்த சமரசச் சட்டம் என்று அந்தப் பக்கம் விரிந்துகொண்டே வருகிறது.

15. தமிழ் மீடியத்துல படிச்சேன். டெக்னாலஜி பாடத்தைத் தமிழ்ல எழுத முடியுமா?

உங்கள் கல்லூரி தமிழில் தேர்வு எழுத அனுமதித்தால் தாராளமாக எழுதலாம். சொற்களுக்காகத் தடுமாற வேண்டாம். ஹாஷ், சர்வர், ஐபி முகவரி போன்றவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுங்கள். நேரடியாக மொழிபெயர்த்துப் புதுச்சொல் படைத்தால் திருத்துபவருக்கும் புரியாது. கீழமை நீதிமன்றத்தில் உங்கள் கட்சிக்காரரிடம் நீங்கள் பேசப்போகும் தமிழே போதும். அந்தத் தமிழில் தெளிவாக விளக்கத் தெரிந்தவரிடம்தான் கட்சிக்காரர் திரும்ப வருவார்.

16. கேட்ட பாடத்துக்கு ஆள் சேரலைன்னு வேற பாடத்துல போட்டுட்டாங்க. கூடவே ஆன்லைன்ல சைபர் டிப்ளமோ பண்ணலாமா?

ஆள் சேராவிட்டால் கல்லூரி அந்தப் பாடத்தை நடத்தாமல் விடுவது சகஜம், 1-வது பதிலில் சொன்ன காரணம்தான். பதிவு தொடங்கும் முன்பே பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் கொடுத்தால் சில சமயம் நடக்கும்.

டிப்ளமோ பற்றி: ஒரே நேரத்தில் இரண்டு முழுநேரப் படிப்பில் சேர பார் கவுன்சில் விதி தடை சொல்கிறது. மொழி, கணினி சார்ந்த குறுகிய காலப் பகுதிநேரச் சான்றிதழ் படிப்புக்கும் தொலைதூரக் கல்வி மையங்கள் நடத்தும் படிப்புக்கும் விலக்கு இருக்கிறது. நீங்கள் சேரும் படிப்பு அந்த விலக்குக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். ஒரே மாதத்தில் நிபுணர் ஆக்குகிறோம் என்று முப்பதாயிரம் கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அரசின் ஸ்வயம் தளத்தில் இலவசமாகப் படித்துப் பாருங்கள், பிடித்தால் மேலே யோசிக்கலாம்.

17. ப்ராஜெக்ட்டுக்கு ஏஐ-கிட்ட தீர்ப்பு கேட்டா நிமிஷத்துல கொடுக்குது. பயன்படுத்தலாமா?

தேடத் தொடங்க உதவும். அது சொன்ன தீர்ப்பின் மூலத்தை உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்றத் தளங்களில் எடுத்து, கண்ணால் படிக்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். இல்லாத வழக்கை, எண், ஆண்டு, நீதிபதி பெயரோடு அது உருவாக்கிக் கொடுக்கும். 2023-ல் நியூயார்க்கில் அப்படிப்பட்ட போலித் தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கட்சிக்காரரின் பெயர், முகவரி, குழந்தையின் விவரம் எதையும் அதில் தட்டச்சு செய்யவும் கூடாது. அடுத்த கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான்.

18. எங்க வீட்டுலயே ஒரு விவாகரத்து கேஸ் நடக்குது. அதையே ப்ராஜெக்ட்டா எழுதலாமா?

இதைக் கேட்ட பெண் மெல்லிய குரலில், மற்றவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு கேட்டாள். அக்காவின் வழக்கு. ஆவணங்கள் எல்லாம் வீட்டிலேயே இருந்தன. ஆர்வமும் வலியும் கலந்த கேள்வி அது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 22-வது பிரிவுப்படி இந்த வழக்குகள் மூடிய அறையில் நடக்க வேண்டும். நீதிமன்ற அனுமதியோடு வெளியிடும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தவிர, அவற்றைப் பற்றி அச்சிடுவதும் வெளியிடுவதும் கூடாது, மீறினால் அபராதம் உண்டு. கல்லூரியில் சமர்ப்பிக்கும் ப்ராஜெக்ட் வெளியீடு ஆகுமா என்று வாதம் செய்யலாம். நான் அந்த வாதத்துக்குள் போகமாட்டேன். ப்ராஜெக்ட்டை நூலகத்தில் வைப்பார்கள், வைவாவில் மூன்று பேர் முன் கேட்பார்கள், ஒருவர் போனில் படம் எடுப்பார். அக்காவின் வாழ்க்கை வகுப்புக் குழுவில் சுற்றும்.

அவளிடம் வேறு ஒன்று சொன்னேன். அக்கா வழக்கில் எந்தச் சட்டக் கேள்வி உன்னைத் தூங்க விடவில்லையோ, அதை மட்டும் எடு. அவளுக்கு அது இடைக்கால ஜீவனாம்சம். மாமா வருமானத்தைக் குறைத்துக் காட்டினார். அதே சிக்கலை 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டு, இரண்டு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை வைத்து எழுதினாள். வங்கிக் கணக்கு, யுபிஐ பரிவர்த்தனை, சம்பள ரசீது ஆகியவற்றை எப்படி வரவழைப்பது என்று ஒரு பகுதி சேர்த்தாள். அக்காவின் பெயர் எங்கும் இல்லை. எழுதி முடித்ததும் ஒரு நகலை அக்காவின் வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.